பிளம்பர் கூலி போதும்!

தேடி வருகிற மகாலட்சுமியை வாசலிலேயே நிறுத்தி, "அம்மா தாயே, மொத்தமாக வராதே. செய்த வேலைக்கு உண்டான அளவு மட்டும் வா, போதும்" என்று யாராவது சொல்வார்களா? ஒருத்தர் சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்காமல், 4 பக்கத்துக்கு டைப் அடித்தும் அனுப்பினார்.

பெயர் ஸ்டீவ் ஆல்பினி. ஊர், அமெரிக்காவில் சிகாகோ. தொழில், கிடார் வாசித்துக்கொண்டே பாடுவது. (பாடுவது என்பது மரியாதைக்கு. கத்துவது என்பதே நிஜம்.) உபதொழில், மற்றவர்கள் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது. சோறு போட்டது பெரும்பாலும் உபதொழில்தான்.

1992-ன் கடைசி. 'நிர்வாணா' என்ற ராக் குழு உலகத்தைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். முந்தின வருஷம் வெளியான அவர்களுடைய 'நெவர்மைண்ட்' ஆல்பம், 1992 ஜனவரியில் சாட்சாத் மைக்கேல் ஜாக்ஸனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே அமெரிக்காவின் முதல் இடத்திலிருந்து இறக்கிவிட்டு அங்கே ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆல்பத்தை யார் பதிவு செய்வது என்று பேச்சு வந்தது. குழுவின் பாடகர் கர்ட் கோபேன், ஆல்பினியின் வேலைக்கு நெடுநாள் ரசிகர். கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? பிள்ளையாருக்கு நூற்றெட்டு தேங்காய் உடைத்துவிட்டு, ஃப்ளைட் ஏறியிருப்போம். ஆல்பினி பதில் கடிதம் எழுதினார். கடிதத்தின் சாராம்சம் இதுதான். வேலை சில நாளில் முடிய வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் யாரோ எங்கேயோ சொதப்புகிறார்கள் என்று அர்த்தம். கம்பெனிக்காரர்கள் நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது. எனக்கு ராயல்டி வேண்டாம். ஒரு பிளம்பருக்குக் கூலி கொடுப்பதுபோல் கொடுத்தால் போதும். வேலையை முடிக்கிறேன், அதற்கு உண்டானதைக் கொடுத்துவிடுங்கள், முடிந்தது கதை.

ராயல்டி வேண்டாம் என்றால் எவ்வளவு வேண்டாம்? அதையும் அவரே கணக்குப் போட்டு அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். இந்த மாதிரி ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கேட்பது விற்பனையில் ஒன்று அல்லது ஒன்றரை சதவிகிதம். 30 லட்சம் பிரதி விற்றால் சுமார் 4 லட்சம் டாலர் வரும். அன்றைய ரேட்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு பணத்தை வாங்கிக்கொண்டால் ராத்திரி தூக்கம் வராது என்று எழுதிவிட்டார் மனுஷன்!

கடைசியில் ஒரே தொகையாக 1 லட்சம் டாலர் பேசி முடிந்தது. மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரின் ஸ்டூடியோவில், 1993 பிப்ரவரியில், இரண்டே வாரத்தில் ஆல்பம் தயார். பெயர் 'இன் யூட்டரோ'. செப்டம்பரில் வெளிவந்து, நேராகப் போய் முதல் இடத்தில் உட்கார்ந்தது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை 50 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. ஆல்பினியின் கணக்கில் அதற்கப்புறம் ஒரு சென்ட் ஏறவில்லை.

மார்க்கெட்டிங்கில் இருக்கும் என் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, எந்த ஊர்ல பிளம்பர் ஒரு லட்சம் டாலர் வாங்கறான்? நான் நாளைக்கே ஸ்பேனரோட கிளம்பறேன்" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் தொகையில் இல்லை, முறையில் இருக்கிறது. பி.காம். படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம், யார் எதைச் சொன்னாலும் அதை டெபிட், கிரெடிட்டாக மாற்றிப் பார்க்கிற வியாதி. அந்தப் பார்வையில் பார்த்தால், ஆல்பினி ஒன்றும் பைத்தியக்காரர் இல்லை. அவருடைய தொழிலில் அவரை மாதிரி கணக்குத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

டிரம் வாசிப்பவர்: மிஸ்டர் ரோலண்ட்

பிறந்தது கலிஃபோர்னியாவில், 1962 ஜூலை 22. வளர்ந்தது மான்டானா மாநிலத்தின் மிஸூலாவில். சுற்றிலும் மலையும் காடும். அப்பா, காட்டுத்தீ எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. பள்ளிக்கூட நாளில் 'ரமோன்ஸ்' என்ற நியூயார்க் குழுவின் பாட்டைக் கேட்டுப் பையனுக்குப் பித்துப் பிடித்தது. பிறகு ஒரு விபத்தில் கால் உடைந்தது. படுத்த இடத்தில் பேஸ் கிடார் கற்றுக்கொண்டார். நமக்குக் கால் உடைந்தால் மெகா சீரியல், அவருக்கு கிடார்.

படிக்கப் போனது சிகாகோவை ஒட்டியிருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். படித்தது பத்திரிகைத் தொழில். படிக்கிற காலத்திலேயே, 1981-ல், 'பிக் பிளாக்' என்று குழு ஆரம்பித்தார். குழு என்றால் முதலில் அவர் மட்டும்தான்! முதல் இசைத்தட்டு 'லங்ஸ்' 1982-ல் வந்தது. அதை வீட்டிலேயே பதிவு செய்தார். பதிவுக் கருவி இரவல். வாடகை, ஒரு பெட்டி பீர்.

டிரம் வாசிக்கச் சரியான ஆள் அமையவில்லை. அதனால் 'ரோலண்ட்' கம்பெனியின் டிரம் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டார். ஆல்பத்தின் பின்னட்டையில் 'டிரம்ஸ்: ரோலண்ட்' என்று ஏதோ மனுஷர் பெயர் மாதிரியே போட்டார்கள். சம்பளம் கேட்காது, லேட்டாக வராது, காதலி பின்னால் ஓடிப் போகாது. இதைவிட உத்தமமான டிரம்மர் உண்டா? கிடார் வாரைத் தோளில் மாட்டாமல், பெல்ட் மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்வார். தகரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். கேட்டவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் அடிமையானார்கள்.

இந்த வகைக் குழுக்களைத்தான் 'இண்டி' என்பார்கள். ஹிந்தியோடு சம்பந்தம் கிடையாது. 'இண்டிபெண்டண்ட்' என்பதன் செல்லச் சுருக்கம். அன்றைக்கு உலகத்து இசை வியாபாரத்தை ஆறு பெரிய கம்பெனிகள் வைத்திருந்தன. (இப்போது ஒன்றையொன்று விழுங்கி மூன்றாகிவிட்டன.) அந்தப் பெரியவர்கள் வாசலில் நிற்காமல், சின்னக் கம்பெனிகள் மூலம் இசைத்தட்டு போட்டு, சின்ன அரங்குகளில் வாசித்து, வேனில் படுத்துத் தூங்கிப் பிழைத்தவர்கள் இண்டி ஆசாமிகள்.

'பிக் பிளாக்' குழுவின் சட்டதிட்டம் எளிமையானது. மேனேஜர் கிடையாது. வக்கீல் கிடையாது. ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. கச்சேரியை அவர்களே போன் போட்டு ஏற்பாடு செய்துகொள்வார்கள். பதிவுச் செலவு கைக்காசு. எல்லாவற்றையும்விட முக்கியம், வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வைத்துக்கொள்வது. ஆல்பினி பகலில் பார்த்தது போட்டோ டச்சிங் உத்தியோகம். போட்டோக்களில் இருக்கிற புள்ளியையும் கீறலையும் பிரஷ்ஷால் மறைக்கிற வேலை. கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையை விழுங்குவதற்கு முந்தைய காலம்.

ஆபீஸ் போகிற நமக்கு இது கவனிக்க வேண்டிய சமாசாரம். 'வேலையை விட்டால்தான் கலைஞன்' என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஆல்பினி அப்படிச் செய்யவில்லை. சம்பளம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்ததால், பாட்டை யாருக்காகவும் மாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

1986-ல் 'அடமைஸர்'. 1987-ல் இன்னொரு ஆல்பம். அதன் தலைப்பை இங்கே அச்சிட்டால் ஆசிரியர் என் கட்டுரைகளை நிரந்தரமாக நிறுத்திவிடுவார், ஆகவே மேலே போவோம். குழுவுக்கு மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்த சமயம், இன்னொரு கிடார்காரரான சாண்டியாகோ டுராங்கோ சட்டக் கல்லூரியில் சேர முடிவு செய்தார். சரி, கடையைச் சாத்துவோம் என்றார்கள். 1987 ஆகஸ்டில் சியாட்டில் நகரத்தின் ஒரு பழைய நீராவி மின்நிலையத்தில் கடைசிக் கச்சேரி. முடிவில் வாத்தியங்களை அடித்து நொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். டுராங்கோ நிஜமாகவே வக்கீலானார்.

4,031 டாலர் 25 சென்ட்

1993-ல் 'தி பாஃப்ளர்' என்ற சிகாகோப் பத்திரிகையில் ஆல்பினி ஒரு கட்டுரை எழுதினார். 'தி பிராப்ளம் வித் மியூஸிக்' என்று தலைப்பு. பெரிய கம்பெனி கையெழுத்துக்குக் கூப்பிட்டால் நாலு பையன்கள் இருக்கும் ஒரு குழுவுக்கு என்ன ஆகும் என்று, தொழிலில் புழங்குகிற ரேட்டுகளை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டினார். பாட்டுக்காரர்கள் படிக்கிற கட்டுரையில் வரவு செலவு அட்டவணை! நான் காலேஜில் மூன்று வருஷம் தூங்கி வழிந்த பாடம், இவர் கையில் துப்பறியும் கதை மாதிரி ஓடுகிறது.

சுருக்கமாகப் பாருங்கள்.

குழுவுக்கு அட்வான்ஸ் 2,50,000 டாலர். பையன்கள் ஆகாயத்தில் மிதக்கிறார்கள். மேனேஜர் தன் 15 சதவிகிதமாக 37,500 எடுத்துக்கொள்கிறார். வக்கீலுக்கு 10,000. ஆல்பம் பதிவு செய்ய 1,50,000. (இதில் தயாரிப்பாளருக்கு முன்பணம் 50,000, ஸ்டூடியோ வாடகை 52,500.) வீடியோ எடுக்க 30,000. அட்டைப்படம், புது டிரம், புது கிடார் என்று பாக்கியும் பறந்துவிடுகிறது.

அடுத்து ஐந்து வார டூர். வசூல் 50,000 டாலர். செலவு 50,875. பஸ் வாடகை மட்டுமே 25,000. ஏஜென்ட் கமிஷன் 7,500. மேனேஜர் கமிஷன் 7,500. ஆக, ஊர் ஊராகப் போய்க் கை தட்டல் வாங்கிக்கொண்டு வந்ததில் நிகர நஷ்டம் 15,875 டாலர்.

போகட்டும், ஆல்பம் அமோகமாக விற்கிறது. 2,50,000 பிரதி, தலா 12 டாலர், மொத்தம் 30 லட்சம் டாலர். குழுவுக்கு ராயல்டி 13 சதவிகிதம். ஆனால் முழு விற்பனைக்கும் இல்லை, 90 சதவிகிதத்துக்குத்தான். அந்தக் காலத்து கிராமபோன் தட்டு அரக்கில் செய்தது, வழியில் உடையும். அதனால் உடைசலுக்குப் பத்து சதவிகிதம் கழிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். உடையாத தட்டு வந்த பிறகும் கழிப்பது மட்டும் நிற்கவில்லை! நம் கல்யாண மண்டபங்களில் பாத்திரத்துக்கு எழுதும் பில் மாதிரி.

ராயல்டி 3,51,000. இதிலிருந்து கொடுத்த அட்வான்ஸ் 2,50,000 கழிவு. தயாரிப்பாளரின் பங்கு 40,000 கழிவு. விளம்பரம் 25,000 கழிவு. குழுவைப் பழைய சின்னக் கம்பெனியிடமிருந்து விடுவிக்கக் கொடுத்த 50,000-ம் கழிவு. மீதி? மைனஸ் 14,000! குழுதான் கம்பெனிக்குக் கடன்காரன்.

இப்போது யார் யாருக்கு என்ன கிடைத்தது? கம்பெனிக்கு 7,10,000. தயாரிப்பாளருக்கு 90,000. ஸ்டூடியோவுக்கு 52,500. மேனேஜருக்கு 51,000. பழைய கம்பெனிக்கு 50,000. வக்கீலுக்கு 12,000. ஏஜென்ட்டுக்கு 7,500. பாட்டு எழுதி, பாடி, வாசித்து, பஸ்ஸில் ஊர் சுற்றிய நாலு பேருக்கும் தலா 4,031 டாலர் 25 சென்ட்.

மூலைக்கடையில் சோடா விற்கிற பையனாக இருந்தால் இதைப்போல் மூன்று மடங்கு சம்பாதித்திருக்கலாம் என்று முடிவில் ஆல்பினி ஒப்பிடுகிறார்.

இந்தக் கணக்கில் யாரும் திருடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எல்லாம் கையெழுத்துப் போட்ட பத்திரப்படி நடக்கிறது. ஒவ்வொருத்தரும் தன் பங்கை வரும்படியின் தலையில் எடுத்துக்கொள்கிறார்கள். செலவெல்லாம் பாட்டுக்காரன் பங்கில் எழுதப்படுகிறது. அதிலும் தயாரிப்பாளரின் அந்த 90,000 டாலரைப் பாருங்கள். 3 சதவிகிதம், குழுவின் பங்கிலிருந்தே போகிறது. நிர்வாணா ஆல்பத்தில் ஆல்பினி வேண்டாம் என்று தள்ளியது இந்தக் காலத்தைத்தான். அது கம்பெனியின் பணம் இல்லை, பாட்டுக்காரன் பணம். வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார், அந்த வீட்டு வாடகையில் ஆயுசுக்கும் பங்கு கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

'தயாரிப்பாளர்' என்று பெயர் போட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. 'பதிவு செய்தவர்' என்று போடுங்கள், இல்லாவிட்டால் போடாமலே விடுங்கள் என்பார்.

காலிங்பெல் அடித்தால் கதவு திறக்கும்

'பிக் பிளாக்' முடிந்த கையோடு, 'பிக்ஸீஸ்' என்ற புதுக் குழுவின் 'ஸர்ஃபர் ரோஸா' ஆல்பத்தை பாஸ்டன் நகரத்தில் பதிவு செய்தார். 1988-ல் வெளியானது. கூலி 1,500 டாலர். அதோடு சரி. ஒரு பாட்டுக்கு எதிரொலி வேண்டுமென்று கிம் டீல் என்ற பெண்ணை பாத்ரூமில் நிறுத்திப் பாடவைத்தார். நாமெல்லாம் தினமும் இலவசமாகச் செய்கிற காரியம்! அந்த ஆல்பத்தைக் கேட்டுச் சொக்கிப்போனவர்களில் ஒருத்தர்தான் கர்ட் கோபேன்.

அவருடைய முறையில் மாயமந்திரம் இல்லை. குழு முழுக்க ஒரே அறையில் நின்று, மேடையில் வாசிப்பதுபோல் சேர்ந்து வாசிக்க வேண்டும். நல்ல மைக்குகளைச் சரியான இடத்தில் வைப்பது அவர் பொறுப்பு. டிரம் மட்டும் இல்லாமல், டிரம் இருக்கிற அறையும் காதில் விழ வேண்டும். மற்றபடி, இந்தப் பாட்டை இப்படி மாற்று, அந்த வரியை வெட்டு என்ற அதிகாரமெல்லாம் கிடையாது. பாட்டு உங்களுடையது, டேப் என்னுடைய வேலை.

டேப் என்றால் நிஜ டேப். உலகமே கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அவர் காந்த நாடாவை விடவில்லை. இது பழைமை மோகம் இல்லை. கம்ப்யூட்டர் ஃபைல்கள் பத்து இருபது வருஷத்தில் திறக்க முடியாமல் போகலாம், டேப் அப்படியே இருக்கும் என்பது அவர் கட்சி. 1995-ல் ஃப்ளாப்பியில் சேமித்த பேலன்ஸ் ஷீட்டை இன்றைக்குத் திறந்து பாருங்கள். தாத்தா எழுதிய மளிகைக் கடைப் பேரேடு மட்டும் பரணில் பத்திரமாக இருக்கும். அவர் சொன்னது புரியும்.

'இன் யூட்டரோ' முடிந்ததும் தகராறு வந்தது. கம்பெனிக்கும் நிர்வாகிகளுக்கும் பதிவு பிடிக்கவில்லை. சண்டை பத்திரிகைகளுக்கு வந்தது. குரல் போதவில்லை, பேஸ் போதவில்லை என்று குழுவுக்கே சந்தேகம் தட்டியது. இரண்டு பாட்டுகளை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். அதற்கப்புறம் பெரிய கம்பெனிகளின் அழைப்பு வற்றியது. கொஞ்ச காலம் நொடித்துப் போகிற அளவுக்கு வந்துவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கொள்கைக்கும் விலைச்சீட்டு உண்டு. 20 வருஷம் கழித்து, 2013-ல், அதே ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பு வந்தபோது, புதிதாக மிக்ஸ் செய்து தர அதே ஆல்பினியைத்தான் கூப்பிட்டார்கள். போனார், வேலை செய்தார்.

1995-ல் சிகாகோவின் பெல்மான்ட் அவென்யூவில் ஒரு கட்டடம் வாங்கி, 1997-ல் 'எலெக்ட்ரிகல் ஆடியோ' என்ற சொந்த ஸ்டூடியோ திறந்தார். சத்தத்தைக் கட்டுப்படுத்த, நியூ மெக்ஸிகோவிலிருந்து மண்கல் வரவழைத்துச் சுவர் எழுப்பினார். உள்ளே வேலை செய்பவர்கள் மெக்கானிக் மாதிரி முழு உடுப்பு மாட்டிக்கொள்வார்கள். முதலாளியும் அதேதான். கடிதத்தில் எழுதிய பிளம்பர், வேஷத்திலும் வந்துவிட்டார்!

அங்கே யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். சிபாரிசு தேவையில்லை. பெரிய கம்பெனி பில் கட்டினால் பெரிய ரேட், கையில் காசில்லாத பையன்கள் என்றால் சின்ன ரேட். 'லெட் ஸெப்பலின்' குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் சேர்ந்து போட்ட 1998 ஆல்பத்தைப் பதிவு செய்தவர் அவர்தான். பேர் ஊர் தெரியாத எத்தனையோ கல்லூரிப் பையன்களின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அவர்தான். ஆயுசில் பதிவு செய்த ஆல்பங்கள் ஆயிரக்கணக்கில்.

வாய்க்கொழுப்பும் வருத்தமும்

இதுவரை படித்துவிட்டு, இவருக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். இளவயது ஆல்பினிக்கு நாக்கில் சனி. பத்திரிகைகளில் சக பாட்டுக்காரர்களைக் கிழித்துத் தொங்கப்போடுவார். பெண்களைப் பற்றி, இனங்களைப் பற்றி, அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே கண்டதைப் பேசினார், எழுதினார். 1987-ல் ஆரம்பித்த இரண்டாவது குழுவுக்கு ஒரு ஜப்பானிய காமிக்ஸிலிருந்து எடுத்து வைத்த பெயர் பலாத்காரத்தைக் குறிப்பது. கச்சேரி வாசலில் எதிர்ப்பு கிளம்பியது. குழு இரண்டு வருஷத்தில் கலைந்தது.

வயசானதும் நம்மில் பலர், "அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம் சார்" என்று மழுப்பிவிடுவோம். ஆல்பினி மழுப்பவில்லை. 2021-ல், தான் சொகுசான இடத்தில் உட்கார்ந்துகொண்டு அறியாமையில் பேசியதும் செய்ததும் மோசமானவை, வருந்துகிறேன் என்று பகிரங்கமாக எழுதினார். யாரும் என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயமில்லை என்கிற தொனியில்தான் பிறகு பேட்டிகளிலும் பேசினார். பாட்டில் கணக்குச் சரியாக வைத்தவர், தன் பாவக் கணக்கையும் மறைக்கவில்லை.

வீட்டில், மனைவி ஹெதர் வின்னாவோடு சேர்ந்து வருஷா வருஷம் இன்னொரு வேலை செய்தார். சிகாகோ ஏழைக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்களைத் தபால் நிலையத்திலிருந்து எடுத்துவந்து, நண்பர்களோடு பணம் திரட்டி, அந்த வீடுகளுக்கே போய்ப் பரிசும் பணமும் கொடுத்துவிட்டு வருவது.

அரக்கு

1992-ல் ஆரம்பித்த மூன்றாவது குழுதான் கடைசிவரை நிலைத்தது. பெயர் 'ஷெல்லாக்'. அதாவது அரக்கு. டிரம்மில் டாட் ட்ரெய்னர் (இந்தத் தடவை உயிருள்ள மனுஷர்!), பேஸில் பாப் வெஸ்டன். ஆல்பினி கையில், கழுத்துப்பகுதி முழுக்க அலுமினியத்தில் செய்த டிராவிஸ் பீன் கிடார்.

1994-ல் முதல் ஆல்பம் 'அட் ஆக்ஷன் பார்க்'. அப்புறம் அவசரமே படாமல் 1998, 2000, 2007, 2014 என்று ஆல்பங்கள். எல்லாம் 'டச் அண்ட் கோ' என்ற சிகாகோ கம்பெனியில். அங்கே ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. கைகுலுக்கல்தான். செலவு போக லாபத்தில் பாதி உனக்கு, பாதி எனக்கு. மேலே பார்த்த அந்தக் கற்பனைக் குழுவின் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே கணக்கு இரண்டே வரி.

மூன்று பேருக்கும் இது பிழைப்பு இல்லை. லீவு கிடைக்கிறபோது நாலு நண்பர்கள் மீன் பிடிக்கப் போவதுபோல டூர் போனார்கள். கச்சேரி நடுவில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து "ஏதாவது கேள்வி உண்டா?" என்பார் வெஸ்டன். ஜனங்கள் கேட்பார்கள், மேடையிலிருந்து பதில் வரும். நம் ஊர் பட்டிமன்றம் தோற்றது.

பணத்துக்கு? அதற்குச் சீட்டு! ஆல்பினி படு கில்லாடி போக்கர் ஆட்டக்காரர். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் இரண்டு தடவை தங்கக் காப்பு ஜெயித்தவர். 2018-ல் 1,05,629 டாலர். 2022-ல் 1,96,089 டாலர். அதாவது, இரண்டாவது தடவை ஒரே ஆட்டத்தில் ஜெயித்தது, நிர்வாணாவிடம் வாங்கிய கூலியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை வாங்கிக்கொண்டு நன்றாகவே தூங்கியிருப்பார். ஏனென்றால் மேஜையில் உட்கார்ந்தவன் எல்லாம் தெரிந்துதான் உட்காருகிறான். பாட்டுக்காரனுக்கு அது தெரியாது.

2024 மே 7. சிகாகோவில் மாரடைப்பு. வயது 61. 'ஷெல்லாக்' குழுவின் புது ஆல்பம் 'டு ஆல் ட்ரெய்ன்ஸ்' அதற்கு முன்பே தயாராக இருந்தது. பத்து நாள் கழித்து, மே 17 அன்று, குறித்த தேதியில் வெளிவந்தது. பத்துப் பாட்டு, மொத்தம் அரை மணிக்கும் குறைவு. கடைசி வேலையையும் இழுக்கவில்லை.

"பிழைக்கத் தெரியாத ஆளு" என்பதுதான் என் மார்க்கெட்டிங் நண்பரின் கடைசித் தீர்ப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுஷர் 35 வருஷத்துக்கு மேல் தனக்குப் பிடித்த வேலையைச் செய்தார். தனக்குப் பிடித்த சத்தத்தைத் தனக்குப் பிடித்த நண்பர்களோடு போட்டார். சொந்தக் கட்டடத்தில், யாரும் தோளில் கை வைத்து "இந்தப் பாட்டைக் கொஞ்சம் மாத்து" என்று சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் விட்டுக்கொடுத்த லட்சங்களை செலவுப் பக்கத்தில் எழுதுவதா, இந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை என்று சொத்துப் பக்கத்தில் எழுதுவதா? எங்கள் அக்கவுன்டன்ஸி புரொபசர் இருந்தால் கேட்கலாம்.

அடுத்த தடவை ஆபீஸில் ஒரு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால், மேலே போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்ததும் பேனாவைத் திறக்காதீர்கள். பொடி எழுத்தில் என்னென்ன கழிவு என்று வரிசையாகக் கூட்டிக் கழித்து, கடைசி வரியில் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். கால்குலேட்டர் போதும், கிடார் வேண்டியதில்லை.